அண்ணனுக்கு எழுதிய கூட்டங்கள்

செட்டிபாளையம்
ஆகஸ்ட் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி அஜந்தா. நானும் அவரும் சுகமாக இருக்கிறோம். மச்சாளின் முழங்கால் நோவு எப்படி? மகள் கம்சாயினி மெலிந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன், உண்மையா? உங்கள் காதைப் பற்றி நான் இனிக் கேட்கப்போவதில்லை. காய்ச்சலோடு போன காது திரும்பாது என்று டொக்டர் சொன்ன பிறகும் கேட்டுக் கேட்டு உங்களை நோகடித்தது போதும்.

நல்ல செய்தி ஒன்று. எங்கள் வாசிகசாலையில் மாதாமாதம் பௌர்ணமி விடுமுறைக்கு வைக்கும் போயா நாள் கூட்டம் திரும்பவும் தொடங்கிவிட்டது. பூட்டிக் கிடந்த மேடையை நான்தான் கழுவினேன். நூலகர் என்று பெயர், கூட்டுவதும் கழுவுவதும் தேத்தண்ணி ஊற்றுவதும் நானேதான். கழுவும்போது உங்கள் நினைவு வந்தது. வாவியைக் கடந்து வந்து, தண்ணீர்ப் பக்க ஜன்னலோர வாங்குப் பலகையில் குந்தி, ஒரு கூட்டம் விடாமல் கேட்டவர் நீங்கள். இனி வந்து என்ன, ஆட்கள் வாயை ஆட்டுவதைப் பார்த்துக்கொண்டா இருப்பது என்று போன முறை சொன்னீர்கள். அதனால் ஒவ்வொரு கூட்டத்தையும் எழுதி அனுப்பப்போகிறேன். வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறாள் கம்சாயினி. ஒரு கூட்டம் முழுக்க அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் அடங்குமா?

முதல் பேச்சு திவாகரன் சேர். பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர், இப்போது வாசிகசாலைத் தலைவரும் அவர்தான். தலைப்பு, ‘கோயிலும் பள்ளிவாசலும் குடியும்’. நம்மிடமும் காத்தான்குடி முஸ்லிம் ஆட்களிடமும் குடி என்கிற வம்சம் தாய்வழியில்தான் வருகிறது, வீடு பெண்ணுக்குத்தான், ஆண் கட்டியவளின் வீட்டுக்குப் போய்விடுகிறான் என்று விளக்கினார். “அப்ப பாத்தா, மட்டக்களப்பில ஆம்பிளைகள் எல்லாரும் விருந்தாளிதான்” என்றார். சனம் சிரித்தது. அப்படிப் போன ஆண் எங்கே இருந்தாலும் தாய் வீட்டு ஜன்னல் ஒன்றைக் கண்ணுக்குள்ளே வைத்திருப்பான் என்றும் சொன்னார்.

காத்தான்குடி நுஸ்ரா டீச்சர் எழும்பினார். “வீடு எங்கட எண்டா, கோயில் சபையிலயும் பள்ளிச் சபையிலயும் ஒரு பொம்பிளைட பேரும் இல்லையே. அது ஏன் சேர்?” “நல்ல கேள்வி. இன்னொரு நாளைக்கு எடுப்பம்” என்றார் சேர். நான் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றேன். டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

கூட்டம் முடியும்போது வெளிச்சம் சாய்ந்து, வாவி முழுக்கத் தேன் நிறமாக இருந்தது. உங்கள் வாங்கில் ஒருவரும் இருக்கவில்லை. நான் யாரையும் மறிக்கவில்லை, சனம் தானாகவே விட்டுவிட்டது.

மச்சாளுக்கு என் அன்பு.

தங்கச்சி,
அஜந்தா


வவுணதீவு
செப்டெம்பர் 3

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் கோணாமலை. என் உடம்புக்குக் குறைவில்லை. உன் மச்சாள் புஸ்பத்தின் முழங்கால் கோயிலுக்குப் போகும்போது நோவதில்லை, வேலை சொன்னால் மட்டும் நோகிறது. கம்சாயினி மெலியவில்லை, படத்தில் அப்படித் தெரிகிறது.

கூட்டம் வந்து சேர்ந்தது. கடிதம் வந்தது என்று சொல்ல மனம் வரவில்லை. மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டு, நல்ல சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு படித்தேன். கூட்டத்துக்குச் சட்டை இல்லாமல் போக ஏலாதே. எங்கே பயணம் என்று புஸ்பம் கையால் கேட்டாள்.

காது போன நாளிலிருந்து என் தலைக்குள் ஒரே இரைச்சல், தூரத்தில் நெல்லு மில் ஓடுவது போல. படித்தபோது அது நின்றுவிட்டது. சனம் சிரித்தது என்று நீ எழுதிய இடத்தில் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது. பின் வாங்கில் யாரோ இருமியதும் கேட்டது. நீ இருமலை எழுதவே இல்லை.

நுஸ்ரா டீச்சரின் கேள்விக்கு ‘இன்னொரு நாள்’ என்றது சரியில்லை. அது எந்த நாள் என்று கேட்டு எழுது. நீ ஏன் வாசலில் நின்றாய்? மண்டபத்தில் கதிரை இல்லையா?

ஜன்னலைப் பற்றிச் சொன்னது அழகு. திவாகரன் சேருக்கு இப்படியெல்லாம் பேச வரும் என்று நான் நினைத்ததில்லை.

மச்சான் ரதீசைச் சுகம் கேட்டதாகச் சொல்.

அண்ணன்,
கோணாமலை


செட்டிபாளையம்
செப்டெம்பர் 21

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் இருவருக்கும் சுகம். அவருக்கு லேசாகத் தடிமன், மூக்கு வடிகிறது, கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். மச்சாளுக்கு ஒரு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன், வேலை செய்யும்போதும் பூசலாம் என்று சொல்லுங்கள்.

இந்தப் போயாவுக்குத் தண்ணீரைப் பற்றி இருவர் பேசினார்கள். நம் கோயில் குருக்கள் கண்ணகை அம்மன் குளிர்த்தியைச் சொன்னார். கோபத்தோடு வந்தவளைத் தண்ணீர் தெளித்துக் குளிர வைத்த சடங்கு, ஆகவே இந்த ஊரில் கோபத்துக்கு மருந்து தண்ணீர்தான் என்றார். பிறகு மௌலவி அஹமட். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுகிறார்களே, அந்த ஒளுவைப் பற்றி. “ஓடுற ஆத்தங்கரையில நிண்டு ஒளுச் செய்தாலும் தண்ணிய வீணாக்கப்படாது” என்றார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. ஒருவரும் விளக்குத் தேடவில்லை. பின்னேர வெயில் வாவியில் பட்டு, ஜன்னல் வழியாக ஏறி, கூரை முழுக்க ஆடிக்கொண்டிருந்தது. மண்டபமே தண்ணீருக்குள் இறங்கிவிட்டது போல இருந்தது. குருக்களின் முகத்திலும் மௌலவியின் தாடியிலும் அதே வெளிச்சம் போய்ப்போய் வந்தது. மைக் இல்லாமலே அவர் குரல் கடைசி வாங்குவரை போனது. தண்ணீர் நம் வீட்டு ஆள் மாதிரி, வந்தால் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகும், அதற்கு இடம் வைக்காமல் வீடு கட்டக் கூடாது என்று முடித்தார். கை தட்டக்கூட மறந்துவிட்டோம்.

கேள்வி நேரத்துக்கு ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறார் சேர். கேள்வியைத் துண்டில் எழுதிப் பெயரும் போட்டுப் பிஸ்கட் டின்னில் போட வேண்டும். பெயரை வாசித்தால் அந்த ஆள் எழும்பி நின்று கேட்க வேண்டும். வர ஏலாதவருக்காக வீட்டு ஆள் ஒருவர் எழும்பலாம். பெயர் இல்லாத துண்டு அடுப்புக்குத்தான்.

நுஸ்ரா டீச்சரின் ‘இன்னொரு நாள்’ இன்னும் வரவில்லை.

தங்கச்சி,
அஜந்தா


வவுணதீவு
ஒக்டோபர் 2

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லாரும் சுகம். எண்ணெய் வந்தது, புஸ்பம் அதை முழங்காலுக்குப் பூசாமல் தலைமாட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மௌலவி அஹமட்டை எனக்குப் பழக்கமில்லை. ஆனால் “தண்ணீர் வீட்டு ஆள் மாதிரி, வந்தா இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகும்” என்று சொன்ன ஆளை நல்ல பழக்கம். நம் அம்மா. முற்றத்தில் வெள்ளம் ஏறும்போதெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டுதான் கட்டிலை உயர்த்துவா. மௌலவிக்கு அது எப்படித் தெரியும்? திவாகரன் சேரின் அந்த ஜன்னலும் உன்னுடையதுதானே, கள்ளி. நான் குறை சொல்லவில்லை. கூட்டத்தில் எனக்கு அதிகம் பிடித்த பேச்சாளர் யாரென்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

இனி என் கதை. போன மாரியில் எங்கள் வயல் வட்டை முழுவதும் தண்ணீருக்குள் போனது உனக்குத் தெரியும். முகத்துவாரத்தில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணல் மூடிக் கிடக்கிறது. வாவி நிறையும்போது அந்த மணலை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்கு இறங்கும், பிந்தினால் எங்கள் வயலுக்கு ஏறும். போன முறை பிந்திவிட்டது. முந்தி வெட்டினால் இறாலெல்லாம் கடலுக்கு ஓடிவிடும் என்று மச்சான் போன்ற தோணிக்காரருக்குப் பயம். அதுவும் பொய்யில்லை.

கம்சாயினிக்குக் கட்டுகிற வீடு கூரை இல்லாமல் நிற்கிறது. வீடு முடியாமல் கலியாணம் இல்லை, நம் ஊர் வழக்கம் உனக்குச் சொல்லத் தேவையில்லை. இந்தப் போகமும் போனால் நான் வயலை விட்டுவிடுவேன்.

வரும் போயாவுக்கு நீர்ப்பாசன இஞ்சினியர் ஒருவர் பேசுகிறார் என்று நோட்டீசில் கண்டேன். இந்தத் துண்டை டின்னில் போடு. என் பெயரை வாசிக்கும்போது நீ எழும்பு.

‘முகத்துவாரத்தை வெட்டும் நாளை யார் முடிவு செய்கிறார்கள்? எங்கள் பயிரைத் தண்ணீர் மூடும் முன்பே வெட்ட வேண்டும் என்று நாங்கள் எங்கே வந்து சொல்வது? கோணாமலை, வவுணதீவு.’

மச்சான் மண்டபத்தில் இருப்பார் என்று தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். எனக்குக் காது நீதான்.

அண்ணன்,
கோணாமலை


செட்டிபாளையம்
ஒக்டோபர் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். உங்கள் சுகமும் அப்படியே இருக்கட்டும்.

இஞ்சினியர் வந்தார், இளம் ஆள், வெள்ளைச் சட்டை. படங்கள் காட்டினார். மேலிருந்து எடுத்த படத்தில் வாவி ஒரு பெரிய இலை மாதிரி இருந்தது, அதன் காம்பில் முகத்துவாரம். செட்டிபாளையம் எங்கே என்று எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். மீன்பிடி ஆட்கள் நிறைய வந்திருந்தார்கள், வாங்கு போதாமல் பின்னால் நின்றார்கள்.

உங்கள் கேள்வியும் கேட்கப்பட்டது. இஞ்சினியர் கவனமாகக் கேட்டுவிட்டு நல்ல பதில் சொன்னார். வயல்காரரை ஒருவரும் கைவிட மாட்டார்கள், தண்ணீர் ஏறும் முன்பே முகத்துவாரத்தின் வாய் வெட்டப்படும், பயமில்லாமல் விதையுங்கள் என்றார். கூட்டம் அதோடு முடிந்தது.

உங்கள் மச்சான் இந்த முறை இன்னும் இருவரோடு சேர்ந்து புது இறால் வலை வாங்கியிருக்கிறார். பின்னேரத்தில் முற்றத்தில் இருந்து வலைக்கு ஈயக் குண்டு கட்டுகிறார். நானும் கூட இருந்து கட்டுகிறேன். போன மாரிக்குப் பிறகு அவர் பாட்டுப் பாடி வேலை செய்வதை இப்போதுதான் கேட்கிறேன்.

மச்சாளுக்கும் கம்சாயினிக்கும் அன்பு. தலை நோகிறது, இவ்வளவோடு நிறுத்துகிறேன்.

தங்கச்சி,
அஜந்தா


வவுணதீவு
ஒக்டோபர் 30

அன்புத் தங்கச்சிக்கு,

தலைநோவு மாறிவிட்டதா? நாங்கள் சுகம்.

பள்ளக் காணியை இந்த முறை விதைக்கவில்லை. மேட்டுக் காணியை மட்டும் விதைத்தேன். வானம் கறுத்துக்கொண்டு வருகிறது.

இஞ்சினியர்மார் பேசி நான் நிறையக் கேட்டிருக்கிறேன், காது இருந்த காலத்தில். அடி சொல்வார்கள், அங்குலம் சொல்வார்கள், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்பார்கள். ‘பயமில்லாமல் விதையுங்கள்’ என்று ஒருவரும் சொன்னதில்லை. அப்படிச் சொல்கிற ஆள் உலகத்தில் எனக்கு ஒருத்திதான் இருக்கிறாள். எனக்குக் கோபம் இல்லை. மச்சான் பாட்டுப் பாடுகிறார் என்று எழுதியிருந்தாய். அந்தப் பாட்டும் எனக்குக் கேட்டது.

அண்ணன்,
கோணாமலை


செட்டிபாளையம்
டிசம்பர் 5

அன்புள்ள அண்ணனுக்கு,

இவ்வளவு நாளும் எழுதவில்லை. நோய் ஒன்றும் இல்லை. உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அதுதான்.

நான் எழும்பவே இல்லை அண்ணன். துண்டு டின்னுக்குள் போகவே இல்லை, என் சேலைத் தலைப்பில் முடிந்து கிடந்தது. உங்கள் மச்சான் மூன்றாவது வாங்கில் தன் ஆட்களோடு இருந்தார். தேத்தண்ணி கொடுக்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் எனக்கு எழும்ப ஏலாமல் போய்விட்டது. பிறகு வீட்டுக்கு வந்து உங்களுக்கு ஒரு இஞ்சினியரை எழுதினேன். நீங்கள் அவரை நம்பிப் பள்ளத்தையும் விதைத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

மழை விடாமல் பெய்கிறது. வாசிகசாலையின் கீழ்ப்படி தண்ணீருக்குள் போய்விட்டது. மேட்டுக் காணிக்கும் தண்ணீர் கிட்டிவிட்டது என்று கம்சாயினி சொன்னாள். இந்தப் போயாவுக்குப் பேச்சு இல்லை, இரண்டு கரை ஆட்களையும் வைத்து முகத்துவாரத்தைப் பற்றித் திறந்த கலந்துரையாடல். மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து ஒரு அதிகாரி வந்து கேட்டு எழுதப்போகிறார். அந்தத் துண்டை டின்னில் போட்டுவிட்டேன். வீட்டில் அவரிடம் நேற்றுச் சொன்னேன், அண்ணனுக்காக நான் எழும்பப்போகிறேன் என்று. அவர் எழும்பித் தோணியைப் பார்க்கப் போய்விட்டார்.

நீங்கள் வர வேண்டும். கேட்காவிட்டாலும் வாருங்கள்.

தங்கச்சி,
அஜந்தா


வவுணதீவு
டிசம்பர் 9

அன்புத் தங்கச்சிக்கு,

வாறன். வாங்கைத் துடைத்து வை.

நீ எழும்பாவிட்டாலும் எனக்குக் குறையில்லை. உனக்கு அங்கே வீடும் ஆளும் இருக்கு, எனக்காக அதைக் கெடுத்துக்கொள்ளாதே.

அண்ணன்,
கோணாமலை


செட்டிபாளையம்
டிசம்பர் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? ஒரு வாய் சோறு சாப்பிடாமல் கடைசி பஸ் என்று ஓடிவிட்டீர்கள். மீன் குழம்பு அப்படியே இருந்தது.

முகத்துவாரம் வெட்டிவிட்டார்கள். வாவி இறங்கும் சத்தம் எங்கள் வீட்டுக்கும் கேட்பது போல எனக்கு ஒரு நினைப்பு. வலைகளைத் தூக்கச் சொல்லி முதலே ஆள் அனுப்பினார்களாம், வலை தப்பியது. ஆனாலும் பாதி இறால் போய்விட்டது.

அவர் என்னோடு கதைப்பதில்லை. குளிக்கிறார், சாப்பிடுகிறார், வெறும் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாட்டு இல்லை. நான் செய்தது சரியா பிழையா என்று யாரிடம் கேட்பது? கூட்டம் முடிந்ததும் நுஸ்ரா டீச்சர் என்னைக் கட்டிப் பிடித்து, “என்ர இன்னொரு நாள் இண்டைக்குத்தான் புள்ள” என்றார். அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தால் அது நிலைக்கவில்லை.

இன்னொன்று. மேடையில் என்ன பேசினேன் என்று எனக்கு ஒரு சொல்லும் நினைவில்லை. கையில் இருந்த கடதாசி தெரியும், தொடக்கத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை, பிறகு திடீரென்று மண்டபம் முழுக்கக் கேட்டது. திவாகரன் சேர் வந்து மைக்கைச் சரிசெய்திருப்பார், நல்ல மனுஷன். என்ன பேசினேன் என்று ஊரில் கேட்க வெட்கமாக இருக்கிறது. காது கேட்காத உங்களிடம் கேட்கிறேன், பைத்தியம்தான். ஆனாலும் எழுதுங்கள்.

தங்கச்சி,
அஜந்தா


வவுணதீவு
டிசம்பர் 28

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் மூவரும் சுகம். தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. மேட்டுக் காணியில் பயிரின் தலை தெரிகிறது, ஒரு கூரைக்குப் போதும். புஸ்பம் முழங்காலையும் மறந்து வரம்பில் நின்று பார்க்கிறாள்.

இந்த முறை கூட்டத்தை நான் எழுதுகிறேன். மேடையில் நின்ற ஆளுக்குக் கூட்டம் தெரியாது.

போயா அன்று பின்னேரம். மழை விட்டிருந்தது. மண்டபம் நிறைந்து, வெளியே மடித்த குடைகளோடு சனம். நான் ஜன்னலோர வாங்கில். நீ எழுதிய அதே வெளிச்சம் கூரையில் ஆடிக்கொண்டிருந்தது. அதில் நீ ஒன்றும் கூட்டி எழுதவில்லை. எல்லாரும் பேசுகிற ஆளைப் பார்ப்பார்கள், காது இல்லாதவன் எல்லாரையும் பார்ப்பான்.

சனம் என் பக்கம் திரும்பியது, என் பெயரை வாசித்திருப்பார்கள். உனக்கு எழும்ப ஏலாது என்று நினைத்து நானே எழும்பப் போனேன். அதற்குள் நீ நடந்துகொண்டிருந்தாய். கையில் தேத்தண்ணித் தட்டு இல்லை. மேடையில் ஏறி, கடதாசியை முகத்துக்கு நேரே பிடித்தாய். உனக்கு முதல் பேசிய உயரமான ஆளின் அளவுக்கு மைக் உன் தலைக்கு மேலே நின்றது. உன் வாய் அசைந்தது. பின்னால் நின்றவர்கள் காதில் கை வைத்தார்கள். கேட்கவில்லை என்று அர்த்தம், அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும். தோணிக்காரர் சிலர் சிரித்தார்கள். நீ கடதாசியை விட்டுத் தலை தூக்கவில்லை.

அப்போது மச்சான் எழும்பினார். தன் ஆட்களுக்கு நடுவிலிருந்து எழும்பி நேரே மேடைக்கு வந்தார். உன்னைக் கையில் பிடித்து இறக்கப்போகிறார் என்று நானும் எழும்பிவிட்டேன். அவர் உன் முகத்தைப் பார்க்கவில்லை. மைக்கின் திருகைத் தளர்த்தி, உன் வாய்க்கு நேரே இறக்கி, இறுக்கினார். விரலால் இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். பிறகு போய்த் தன் இடத்தில் இருந்து தலையைக் குனிந்துகொண்டார். காதில் இருந்த கைகள் எல்லாம் இறங்கின.

திவாகரன் சேர் கதிரையை விட்டு அசையவில்லை, அஜந்தா. மச்சான்தான்.

நீ பேசியதை எனக்குக் கேட்டபடி எழுதுகிறேன். ‘இந்தக் கரையில் எனக்கு வீடு இருக்கிறது, அந்தக் கரையில் அண்ணன் இருக்கிறார். ஒரு கரைக்காக மற்றக் கரையை விட எனக்கு ஏலாது. வாயை வெட்டுவதற்கு முன் இரண்டு கரை ஆட்களையும் ஒரே வாங்கில் இருத்திக் கேளுங்கள். வலைக்காரருக்கு முதலே சொல்லி அனுப்புங்கள், அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.’ இதில் எவ்வளவு நீ சொன்னது, எவ்வளவு நான் போட்டது என்று எனக்கே தெரியாது. கூட்டம் எழுத உன்னிடம்தானே பழகினேன்.

மச்சானிடம் மைக்கைப் பற்றிக் கேட்காதே, வெட்கப்படுவார். இந்தக் கடிதம் வந்த அன்று பின்னேரம் இரண்டு கோப்பை தேத்தண்ணி ஊற்றி, ஒன்றை அவருக்குக் கொடு. மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு நீயும் பக்கத்தில் குந்து.

அண்ணன்,
கோணாமலை